இறுத்த தண்ணீர்

எங்கள் வீட்டுத் தண்ணீர் சாக்கடைக்குப் போகாது. குளித்த தண்ணீர் வாழைக்கு. அரிசி களைந்தது கறிவேப்பிலைக்கு. கீரை அலசியது முருங்கைக்கு. காய் வேகவைத்து இறுத்த தண்ணீர் மட்டும் கொதிக்கக் கொதிக்க இருக்கும் என்பதால், அதற்கென்று பின்வாசல் படியோரம் ஓர் அலுமினியக் குண்டான் வைத்திருந்தோம். சமையல் முடிந்ததும் நான் அதில் ஊற்றி வைப்பேன். ஆறிய பிறகு சாயங்காலம் என் வீட்டுக்காரர் எடுத்துச் செடிகளுக்கு ஊற்றுவார். ஆனையூரில் இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்த நாளிலிருந்து இதுதான் சட்டம். போட்டவர் அவர். மீறினால் ஒன்றும் சொல்லமாட்டார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதற்கு அடித்தாலும் தேவலை.

அவர் லாரிப் பட்டறையில் வெல்டராக இருந்தவர். அவர் குடும்பத்துக்குத் திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். அவர் அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவர் நிலத்தில் உழுதவர். செத்தபோது புதைத்த இடம்கூட ஊர்ப்பொது. அந்தக் குடும்பத்தில் சொந்தமாக மண் வாங்கிய முதல் ஆள் என் வீட்டுக்காரர்தான். வாங்கியது ஒரு சின்ன மனை. அதில் வீட்டைச் சுருக்கித் தோட்டத்தை விரித்துவிட்டார். "ரெண்டு ரூம் போதும், நாம என்ன பந்தயமா ஓடப் போறோம்?" என்றார். எனக்குப் பீரோ வைக்க இடமில்லை. இன்றைக்கும் என் சேலைகள் பாதி அட்டைப்பெட்டியில்தான் இருக்கின்றன. முருங்கைக்கும் நார்த்தைக்கும் விசாலமாக இடம் இருந்தது.

நான் முதலில் முணுமுணுத்தேன், பிறகு நானும் அதில் விழுந்துவிட்டேன். உண்மையைச் சொல்லத்தானே வேண்டும். விளைவிப்பதும் பறிப்பதும் அவர், உப்புப் போடுவது நான். சுண்டை, கொத்தவரை, மோர்மிளகாய் எல்லாம் மாடியில் காயும். காக்காய் விரட்டக் கம்போடு அவரே உட்கார்ந்திருப்பார். நார்த்தங்காயைச் சுருள் சுருளாக வெட்டி உப்பைத் திணித்து ஜாடியில் போட்டால் அடுத்த வருஷம்வரை கெடாது. சமையலறை ஸ்லாப் முழுக்க ஜாடிகள். கடையில் நாங்கள் வாங்கியது அரிசி, பருப்பு, எண்ணெய், அம்புட்டுத்தான்.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்ததும் இரண்டு பேரும் கண்மாய்க் கரைக்குக் கிளம்புவோம். யாரும் விதைக்காத கீரை அங்கே தானாக முளைத்துக் கிடக்கும். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, வேலியோரம் பிரண்டை. சில வருஷம் ஸ்கூட்டரில் நாகமலை புதுக்கோட்டை வரைக்கும் போய் வற்றல் போட மிதுக்கங்காய் பறித்து வருவோம். சாக்கை நிரப்பிக்கொண்டு வரும்போது யாராவது கேட்பார்கள், "என்னண்ணே, ஆட்டுக்கா?" என்று.

"ஆமாப்பா. வீட்டுல ஒரு ஆடு இருக்கு, தழை இல்லாட்டி கத்தும்" என்று என்னைக் கைகாட்டுவார். எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு அலுக்கவே இல்லை. நானும் ஒவ்வொரு தடவையும் முறைத்தேன்.

அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்தபோது பட்டறையில் நின்று நின்று வந்தது என்று நினைத்தோம். இடுப்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரைகளை வருஷக்கணக்காக விழுங்கியிருந்தார். பிரஷர் இருப்பதே தெரியாது. ஆஸ்பத்திரியில் இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன என்றார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர், ஆனால் பொறுமையாகச் சொன்னார். டயாலிசிஸ் இப்போதைக்கு வேண்டாம், சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருந்தால் கொஞ்சகாலம் தள்ளலாம். ஆனால் பொட்டாசியம் என்று ஒன்று இருக்கிறது. கிட்னி கெட்டால் அது ரத்தத்தில் ஏறும். ஏறினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும்.

"அது எதுலய்யா இருக்கு?" என்று கேட்டேன்.

முருங்கைக்கீரை, மற்ற எல்லாக் கீரையும், வாழைப்பழம், வாழைத்தண்டு, தேங்காய், தக்காளி, எலுமிச்சை, நார்த்தை. எங்கள் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சொல்கிற மாதிரி இருந்தது. அதோடு உப்பு ஆகாது என்றார். ஊறுகாய், வற்றல், அப்பளம் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது. அப்படியானால் எங்கள் ஜாடிகளும் போயின. இவரைக் கொல்வதற்கென்றே இத்தனை வருஷம் பாத்தி கட்டித் தண்ணீர் ஊற்றியிருக்கிறோமோ என்று அந்த நாற்காலியிலேயே நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவரோ வாத்தியார் முன்னால் உட்கார்ந்த பையனைப்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

என்னதான் சாப்பிடுவது? அதைச் சொல்ல அங்கே ஓர் அம்மா இருந்தார். புடலை, சுரை, பீர்க்கு மாதிரி நீர்க்காய் மட்டும். அதையும் பொடியாக நறுக்கி வெந்நீரில் ஊறப்போட்டு, பிறகு நிறையத் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டு, தண்ணீரை இறுத்துக் கொட்டிவிட்டுக் காயை மட்டும் தாளிக்க வேண்டும். "தண்ணியக் கொட்டிரணும்" என்பதை அவர் அழுத்தியே சொன்னார். என் வீட்டுக்காரரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

வீட்டுக்கு வந்த வாரமே ஜாடிகளை இறக்கினார். தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய் அவர் கையாலேயே கொடுத்தார். எதிர்வீட்டு மதினி வாங்கிக்கொண்டு, "அண்ணே, இம்புட்டையும் குடுத்துட்டு நீங்க என்ன செய்வீக?" என்று கேட்டாள். "நாங்க சுத்த சைவமாகிட்டோம், உப்பக்கூடத் தொடுறதில்ல" என்று சிரித்தார். ஸ்லாப் காலியானது. ஜாடிகள் இருந்த இடத்தில் வட்ட வட்டமாக உப்புக் கறை மட்டும் இருந்தது. அதை நான் துடைக்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே சமையல், இறுத்த சமையல். ஒரு அடுப்பில் அவருக்குச் சக்கையும் எனக்குக் குழம்பும் வைக்க எனக்கு மனசு வரவில்லை. நானும் அதையே தின்றேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஈரத்துணியை மென்றால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. தட்டை வழித்துச் சாப்பிடுவார். ரசத்தில் புளி ஒரு சொட்டுக் குறைந்தாலும் முகம் மாறுகிற ஆள், இப்போது சக்கையைத் தின்றுவிட்டுச் சும்மா எழுந்து போகிறார். எனக்குப் பெருமையாக இருந்தது. உயிர்மேல் ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன். என்மேல் ஆசை என்றும் நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

இறுத்த தண்ணீரை வழக்கம்போலக் குண்டானில் ஊற்றினேன். வழக்கம்போல அவர்தான் செடிக்கு ஊற்றினார்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பொட்டாசியம் ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரையை மாற்றினார். அடுத்த தடவை இன்னும் ஏறியிருந்தது. டாக்டர் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, நான் சொல்றபடிதான் சமைக்கிறீங்களா? உண்மையச் சொல்லுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணீர் வந்துவிட்டது. ஊரே பிரியாணி தின்கிறது, நான் புடலங்காய்ச் சக்கையைத் தின்று வாய் வெளுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன், என்னைப் பார்த்தா கேட்கிறீர் என்று கத்தத் தோன்றியது. "அப்படித்தான்யா செய்றேன்" என்று மட்டும் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் சுவரில் மாட்டியிருந்த கிட்னிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திருமங்கலத்தில் கட்டிக்கொடுத்த மகள் போனில் பிடித்துக்கொண்டாள். "அம்மா, உன் கை சும்மா இருக்காது. அப்பா மூஞ்சியப் பாத்து எரக்கப்பட்டு ஒரு துண்டு நார்த்தங்கா வச்சிருப்ப."

"உங்கப்பன் தட்டுல நான் வைக்கிறத நீ ஒரு நாள் வந்து தின்னு பாரு. அப்புறம் பேசு" என்று போனை வைத்துவிட்டேன்.

அப்புறம் எனக்குத் தெருவின்மேல் சந்தேகம் வந்தது. கிட்னி என்று கேள்விப்பட்டால் இந்த ஊரில் எல்லோரும் வைத்தியர்தான். ஒருவர் நெருஞ்சிமுள் கஷாயம் என்பார், ஒருவர் சிறுபீளை என்பார். எதிர்வீட்டு மதினி எங்கள் வாழையிலேயே தண்டை வெட்டிச் சாறு எடுத்துச் சொம்பில் கொண்டுவந்து நின்றாள். "அடைப்பெல்லாம் அத்துக்கிட்டுப் போயிரும் மதினி" என்றாள். கல்லடைப்புக்குச் சொல்கிற வைத்தியத்தைக் காய்ந்துபோன கிட்னிக்குக் கொண்டுவந்திருக்கிறாள். சொம்போடு அவளைத் தெருவுக்கு அனுப்பினேன். நான் பேசிய பேச்சில் அவள் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டாள். அந்த வாரமே வாழைகளை எல்லாம் ஆள் வைத்து வெட்டிப்போட்டேன். குலை தள்ளிய வாழையும் இருந்தது. அவர் முன்வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், பின்பக்கம் வரவே இல்லை.

வாழை போயும் பொட்டாசியம் இறங்கவில்லை.

ஒரு நாள் மதியம் ரேஷன் கடைக்குப் போனேன். கைரேகை மிஷின் வேலை செய்யவில்லை, நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார்கள். போன சூட்டோடு திரும்பினேன். வீட்டுக்குள் நுழையும்போதே மிளகு தட்டிய வாசம். எங்கள் வீட்டில் மிளகு வாசம் வந்து பல மாதம் ஆகியிருந்தது. பின்வாசலுக்குப் போனேன். படியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தக் குண்டான், கையில் டம்ளர்.

என்னைப் பார்த்தார். ஒளிக்கவில்லை. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன குடிக்கிறீக?"

"தண்ணி."

"எந்தத் தண்ணி?"

"கீழ கொட்டுற தண்ணிதான. உன் வீட்டுச் சொத்தயா குடிச்சிட்டேன்?"

"எம்புட்டு நாளா?"

"மொதல்லருந்தே." குண்டானைக் கீழே வைத்தார். "சத்து அம்புட்டும் இதுலதான எறங்குது. நீ தட்டுல வைக்கிறது சக்க. அதத் தின்னு மனுசன் எந்திரிச்சு நடமாட முடியுமா? எல்லாம் இந்தத் தண்ணியிலதான் ஓடுது."

"கொட்டிரணும்னு அந்தம்மா சொன்னாகல்ல? காதுல விழுகலயா?"

"விழுந்துச்சு. அவுக கொட்டத்தான் சொல்லுவாக. சோறு வடிச்ச கஞ்சியக் கொட்டுற ஆளுக. பழைய சோத்தக் கொட்டுற ஆளுக. கைக்கு வந்த எல்லாத்தயும் கொட்டுறாக, இதயும் கொட்டுன்னாக. நாம அப்படியா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவர் டாக்டரை ஏமாற்றவில்லை. என்னையும் ஏமாற்றவில்லை. தண்ணீரைக் கொட்டச் சொன்னதை அவர் மருத்துவமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வசதியான வீட்டு வழக்கம் என்று நினைத்துவிட்டார். கொள்ளு வேகவைத்த தண்ணீரையும் கீரை வெந்த தண்ணீரையும் குடித்து வளர்ந்த உடம்பு அது. காய் பெரியவர்களுக்கு, தண்ணீர் பிள்ளைகளுக்கு என்று பங்கு பிரித்த வீடு. அந்தத் தண்ணீரில்தான் நான் எலும்பு வைத்தேன் என்று கல்யாணமான புதிதில் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

"அந்தச் சத்துதாங்க உங்களுக்கு விசம். அத எறக்கத்தான் வேக வைக்கிறதே. காய் உங்களுக்கு, தண்ணி சாக்கடைக்கு."

"நம்ம மண்ணுல வெளஞ்சது எனக்கு விசமா?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் நிஜமாகவே தெரியாமல் கேட்டார். குண்டானைப் பிடுங்கித் தோட்டத்தில் எறிந்தேன்.

மகள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பேத்தியின் தலைமேல் கைவைத்து இனித் தொடமாட்டேன் என்று சொன்னார். மறுநாளிலிருந்து நான் புதுச்சட்டம் போட்டேன். இறுத்த தண்ணீரை ஆவி பறக்க முன்வாசலுக்குக் கொண்டுபோய்த் தெருச் சாக்கடையில் ஊற்றினேன். அவர் பார்க்கவேண்டும் என்றே ஊற்றினேன். ஊற்றும் நேரத்தில் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். நான் ஏதோ பிள்ளையைக் குப்பையில் போட்டதுபோல இருக்கும் அவர் திரும்பிக்கொள்வது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் இறங்கியிருந்தது. டாக்டர் முதல்தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். திரும்பும் வழியில் பூ வாங்கி வைத்துக்கொண்டேன். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் அவர் மெலிந்துகொண்டே வந்தார். பேச்சும் குறைந்தது. சாப்பிட உட்கார்ந்தால் எண்ணிக் கொடுத்த மாத்திரையை விழுங்குவதுபோலச் சோற்றை விழுங்கினார்.

ஐப்பசி மழை வந்தது. அந்த வருஷம் நல்ல மழை. கண்மாய்ப் பக்கம் போகவேண்டும் என்று இரண்டு பேருமே பேசவில்லை.

பேத்திக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் காலையில் திருமங்கலத்துக்கு பஸ் ஏறினேன். அவருக்கு மதியத்துக்கான சோறும் சுரைக்காயும் மேஜையில் மூடி வைத்துவிட்டு, "சாயங்காலம் வந்துருவேன், எதையும் நோண்டாதீக" என்று சொன்னேன். "போயிட்டு வா, நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார்.

சாயங்காலம் திரும்பி வந்தேன். அடுப்பங்கரையில் என் தட்டு ஒன்று மூடி வைத்திருந்தது. பின்பக்கம் கதவு திறந்து கிடந்தது. அவர் கறிவேப்பிலைக்குக் கீழே சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எத்தனையோ மாதமாக நான் பார்க்காத முகம்.

"ஆட்டுக்குத் தழை கொண்டாந்து வச்சிருக்கேன். தட்டுல இருக்கு பாரு. தொய்யக்கீர. ஒரு வருசமா என்னால நீயும் சக்கயத் தின்னுக்கிட்டிருக்க. உப்புப் போட்டுத்தான் வதக்கியிருக்கேன், சாப்புடு."

"நீங்க?"

"பேத்தி மேல சத்தியமா நான் கீரையத் தொடல."

பக்கத்தில் நசுங்கிய அந்தக் குண்டான் இருந்தது. எங்கே தேடி எடுத்தாரோ. காலியாக இருந்தது. அருகில் டம்ளர்.

"கீர வெந்த தண்ணி எங்க?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு நாள்தானடி. வாய் செத்துப்போச்சு. இம்புட்டுத் தண்ணியயும் சாக்கடையில கொண்டுபோயி ஊத்த எனக்குக் கை வரல."

"எந்திரிங்க. கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

"காலு சொன்ன பேச்சுக் கேக்கல" என்றார்.

எதிர்வீட்டு மதினிதான் ஓடிவந்தாள், என்னோடு பேசாமல் இருந்தவள். அவளும் அவள் வீட்டுக்காரரும் தூக்கி ஆட்டோவில் வைத்தார்கள். அவர் தலை என் தோளில் கிடந்தது. நான் திட்டிக்கொண்டே போனேன். பிச்சைக்காரப் புத்தி என்றேன். பிள்ளைமேல் சத்தியம் செய்த வாய் அது என்றேன். செத்துத் தொலைந்தால்தான் உமக்குத் திருப்தி என்றுகூடச் சொன்னேன். தெரு விளக்கெல்லாம் எரிய ஆரம்பித்திருந்தது, ஒவ்வொரு சிக்னலிலும் ஆட்டோ நின்று நின்று போனது. என் வாய் ஓயவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோக்காரத் தம்பி திரும்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, பேசாதீங்க" என்றான். எந்த இடத்திலிருந்து அவர் கேட்காமல் போனார் என்று எனக்குத் தெரியாது.

நாங்கள் வீடு திரும்பும் முன்பே சொந்தக்காரப் பெண்கள் வந்து அடுப்பங்கரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். சாவு விழுந்த வீட்டில் சமைத்த பண்டம் எதையும் வைக்க மாட்டார்கள். என் தட்டையும் கவிழ்த்துக் கழுவி வைத்திருந்தார்கள். அந்தக் கீரையை நான் ஒரு வாய்கூடத் தின்னவில்லை. உப்புச் சரியாகப் போட்டிருந்தாரா என்று தெரியாது. இதை நினைத்தால் இன்றைக்கும் அந்தப் பெண்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் செய்தது முறைதான். இருந்தாலும் வருகிறது.

கருமாதி முடிந்து எல்லோரும் போன பிறகு நான் மறுபடி சமைக்க ஆரம்பித்தேன். எனக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. எதையும் தின்னலாம். ஆனால் கை பழகிவிட்டது. சுரைக்காயைப் பொடியாக நறுக்கி, ஊறப்போட்டு, நிறையத் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டு இறுத்துவிட்டேன். இறுத்த பிறகுதான் யாருக்காக என்று நினைப்பு வந்தது. முருங்கையில் கொழுந்து விட்டிருந்தது. போய் ஒரு கொத்துப் பறித்து வந்து அதே தண்ணீரில் போட்டு வேகவைத்து, அந்த நசுங்கிய குண்டானில் இறுத்தேன். பின்வாசல் படியில் உட்கார்ந்தேன். மிளகைத் தட்டிப் போட்டு, உப்பும் போட்டு, ஒரு டம்ளர் குடித்தேன்.

அவ்வளவு ருசியாக இருந்தது. வீட்டில் இருந்த ருசி எல்லாம் அதில்தான் இருந்தது. நான் ஒரு வருஷமாக அவர் தட்டில் வைத்ததில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாததைத்தான் வைக்கச் சொன்னார்கள், அப்படி வைத்ததால்தான் அவர் அந்தக் கடைசி மாதங்களில் உயிரோடு இருந்தார். எனக்கு அது தெரியும். தெரிந்தும் அந்தப் படியில் உட்கார்ந்து அவரைத் திட்டினேன், அவரைத் தேடினேன், இரண்டையும் ஒரே வாயால் செய்தேன்.

குண்டானில் மிச்சம் இருந்தது. மழை ஓய்ந்த பிறகு தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் செடிகள் எல்லாம் வாடித்தான் கிடந்தன. ஒரு சொட்டுக்கூட அவற்றுக்கு ஊற்றவில்லை. முழுவதையும் நானே குடித்தேன்.